பிரஸ் ஆடினால் மேசையைப் பாருங்கள்: தோட்டா நிரப்பும் பிரஸ்ஸைப் பொருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை பழகி, பிழைப்புக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, கார் நிறுத்த வேண்டிய கரேஜைப் பட்டறையாக்கிக் கொண்டவன் நான். வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் போகிற நம்மவர்கள் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கமிருந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. வெடிமருந்து எவ்வளவு போடுவது, எந்தக் குண்டு நல்லது என்பதெல்லாம் இங்கே கிடையாது. அதற்கு மருந்து தயாரிப்பவரின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை அல்ல. இங்கே பிரஸ், மேசை, போல்ட் இந்த மூன்றும்தான். பிரஸ் என்பது, சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து தோட்டாவாக்கும், கைப்பிடி இழுத்து இயக்குகிற கருவி.

முதலில் இதைச் சொல்லுங்கள்: வீட்டில் தோட்டா நிரப்புவது இங்கே சட்டப்படி சரியா?

உரிமம் பெற்ற உங்கள் சொந்தத் துப்பாக்கிக்கு, உங்கள் சொந்தப் பயனுக்கு என்றால் சரி. விற்பனைக்கு நிரப்பக் கூடாது. மச்சான் கேட்டார், மாமா கேட்டார் என்று நிரப்பிக் கொடுக்கிற பழக்கமும் வேண்டாம். 2000-ம் ஆண்டின் 60-ம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2004 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சாதாரண உரிமக்காரர் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கூட்டின் அடியில் பதித்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்கு வரம்பு ஒரு துப்பாக்கிக்கு 2400. சங்கத்தில் சேர்ந்து டெடிகேட்டட் ஹன்ட்டர், டெடிகேட்டட் ஸ்போர்ட்ஸ்பர்சன் என்ற தகுதி பெற்றவர்களுக்கு அந்த 200 கணக்கு இல்லை. 2021-ல் வெளிவந்த திருத்த வரைவில் வீட்டில் தோட்டா நிரப்புவதையே நிறுத்தும் யோசனை இருந்தது. பெரிய எதிர்ப்பும் கிளம்பியது. அதனால் மேசைக்கு மரம் வாங்கும் முன் உங்கள் காவல் நிலையத்தில் துப்பாக்கி விஷயம் பார்க்கிற அதிகாரியிடம் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பிரஸ்ஸே கனமான வார்ப்பிரும்பு. மேசையில் வைத்தால் தானாக நிற்காதா?

நிற்கும், நீங்கள் கைப்பிடியைத் தொடும் வரை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொள்வது இங்கேதான். .308 மாதிரி ஒரு ரைஃபிள் தோட்டாவின் காலிக் கூட்டை டை என்கிற அச்சுக்குள் முழுசாக ஏற்றி அளவுக்குக் கொண்டுவரும்போது உள்ளே நூற்றுக்கணக்கான கிலோ விசை வருகிறது. ஆனால் அந்த விசை மேசைக்கு வருவதில்லை. கூட்டைத் தாங்கும் ராம் என்கிற தண்டு மேலே தள்ளுகிறது, டை கீழே தள்ளுகிறது, இரண்டும் பிரஸ்ஸின் சட்டத்துக்குள்ளேயே தீர்ந்துவிடுகின்றன. மேசைக்கு வருவது உங்கள் கை கொடுக்கும் விசை மட்டும்.

அது சின்ன விசைதானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கைப்பிடியின் நுனி மேசை விளிம்பிலிருந்து 250 மில்லிமீட்டர் வெளியே இருக்கிறது, நீங்கள் 20 கிலோ அழுத்துகிறீர்கள். பின்பக்க போல்ட் விளிம்பிலிருந்து 100 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. விளிம்பு நெம்புகோலின் தாங்குமுனை ஆகிவிடுகிறது. 20-ஐ 250-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 50. அதாவது பின்பக்க போல்ட்டை மேசையிலிருந்து பிடுங்க 50 கிலோ மேலே இழுக்கிறது. ஒரு மாலையில் நூறு கூடு என்றால் நூறு தடவை.

திரும்பி வரும்போதும் சும்மா வருவதில்லை. டைக்குள் இருக்கும் உருண்டை கூட்டின் கழுத்து வழியாக வெளியே வரும்போது கைப்பிடியை மேலே தூக்க வேண்டும். அப்போது மேசையின் முன்பக்கமே தூக்கிக்கொண்டு வரப் பார்க்கும். ஒரே பக்கம் அழுத்தினால் தாங்கும் மேசைகூட இப்படி மேலும் கீழும் ஆட்டினால் நாளாவட்டத்தில் மூட்டு கழன்று போகும்.

கொஞ்சம் ஆடினால்தான் என்ன? வேலை நடந்தால் போதாதா?

நான் அப்படி நினைத்துத்தான் முதல் வருஷத்தை ஓட்டினேன். ஒரு பழைய சமையலறை மேடைப் பலகை கிடைத்தது. மேலே பளபளப்பு, உள்ளே மரத்தூளை ஒட்டிய சிப்போர்டு. அதில் மர ஸ்க்ரூ போட்டு பிரஸ்ஸை நிறுத்தினேன். கூட்டுக்குச் சரியாக எண்ணெய் தடவாமல் டைக்குள் ஏற்றிவிட்டேன், அது சிக்கிக்கொண்டது. உடம்பு எடையைப் போட்டு இழுத்ததில் கூடு வரவில்லை, பிரஸ் வந்தது, பலகையில் ஒரு பிடி தூளோடு. கால் விரலுக்கு நாலு அங்குலம் தள்ளி விழுந்ததால் இன்று செருப்புப் போட்டு நடக்கிறேன்.

அது பெரிய சேதம், கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாத சேதம்தான் எனக்குப் பயம். பிரைமரைக் கூட்டில் பதிக்கும்போது அது அடியில் போய் உட்காருவதை விரல் உணர வேண்டும். இறுக்கமாகப் போகிறதா, தொளதொள என்று போகிறதா, குறுக்காகத் திரும்பியிருக்கிறதா எல்லாமே கையில்தான் தெரியும். மேசை வளைந்து கொடுத்தால் பிரைமர் கொடுக்கிறதா மேசை கொடுக்கிறதா என்று கைக்குப் புரியாது. அந்தத் தொடு உணர்வுக்காகத்தான் இவ்வளவு மெனக்கெடுவது.

ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் பல நிலை பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மருந்தை அளந்து போடும் கருவி பிரஸ்ஸின் மேலேயே இருக்கும். மேசை குலுங்கினால் மருந்து ஒரு தடவை அடர்த்தியாகப் படியும், ஒரு தடவை தளர்வாக. அளவு மாறும். நிரம்பிய கூட்டிலிருந்து மருந்து சிந்தி அடித்தட்டில் சேரும். நான் சொல்ல வருவது புரிகிறதா?

மேசைப் பலகை எவ்வளவு கனம் வேண்டும்? எந்த மரம்?

38 மில்லிமீட்டருக்குக் குறையாமல். 50 என்றால் நிம்மதி.

இங்கே எல்லா மரக்கடையிலும் கிடைப்பது பைன். 38-க்கு 114, 38-க்கு 152, 38-க்கு 228 என்று அறுத்து வைத்திருப்பார்கள். 228 பலகை மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, அடியில் குறுக்குச் சட்டம் கொடுத்தால் நல்ல மேசை. வாங்கும்போது பலகையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாட்டில் பாருங்கள். முறுக்கு இருந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் சரி. சலிக்னா என்கிற யூகலிப்டஸ் மரம் கிடைத்தால் இன்னும் உறுதி, ஆனால் டிரில் பிட் கூராக இருக்க வேண்டும்.

பிளைவுட் என்றால் கான்கிரீட் அச்சுக்குப் போடும் 18 மில்லிமீட்டர் ஷட்டர்பிளை இரண்டை ஒட்டி, 38-க்குக் கொஞ்சம் குறைந்தாலும், 36 ஆக்குவது வழக்கம். ஒட்டுவது என்றால் முழுப் பரப்பிலும் மரப்பசை பூசி, கிளாம்ப் போட்டு, ஒரு ராத்திரி விடுவது. சும்மா ஒன்றின் மேல் ஒன்று வைத்து நாலு ஸ்க்ரூ அடித்தால் வளையாத தன்மை இரண்டு மடங்குதான் கூடும். பசை போட்டு ஒரே பலகை ஆக்கினால் எட்டு மடங்கு கூடும், ஏனென்றால் பலகையின் விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. கொஞ்சம் பசைக்கு நாலு மடங்கு லாபம். கோயம்புத்தூர்க்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

சிப்போர்டு வேண்டாம். என் கதையை மேலே படித்தீர்கள்.

பச்சை நிறம் ஏறிய, பூச்சி மருந்து ஏற்றிய பைன் போடலாமா?

கால்களுக்குப் போடலாம். கடற்கரைப் பக்கம் கரையானும், இத்தாலியன் பீட்டில் என்று இங்கே சொல்கிற மரவண்டும் உண்டு, அதனால் கேள்வி நியாயமானது. அறுக்கும்போது முகமூடி போடுங்கள், அந்த மருந்தில் ஆர்சனிக் இருக்கிறது. மிச்சத் துண்டுகளை பிராய் அடுப்பில் போட்டு இறைச்சி சுடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் ஐயா.

பிரஸ்ஸை மேசையில் எந்த இடத்தில் வைப்பது?

முன் விளிம்பில், ஒரு காலுக்கு நேர் மேலே அல்லது அதற்கு மிகப் பக்கத்தில். இரண்டு காலுக்கு நடுவில் வைத்தால் பலகை வில்லாக வளையும், 50 மில்லிமீட்டர் மரமாக இருந்தாலும். கையின் விசை பலகை வழியாகக் காலுக்கும், கால் வழியாகத் தரைக்கும் நேராக இறங்க வேண்டும். வீட்டில் தூணுக்கு மேல் உத்திரம் வைப்பது போலத்தான்.

காலுக்கு நேர் மேலே வைத்தால் நட்டு போட இடம் இருக்காதே என்பீர்கள். அதனால் பிரஸ்ஸைக் காலுக்குப் பக்கவாட்டில், போல்ட் ஓட்டைகள் காலைத் தாண்டி விழும்படி, ஸ்பேனர் நுழையும் அளவு விட்டு வையுங்கள். துளை போடும் முன் பிரஸ்ஸை இரண்டு கிளாம்ப் போட்டுப் பிடித்து, கைப்பிடியை மேலிருந்து கீழ் வரை முழுசாக இழுத்துப் பாருங்கள். நிறைய பிரஸ்களில் கீழ்க் கைகள் மேசை மட்டத்துக்கும் கீழே இறங்கும், அது பலகையில் இடிக்கக் கூடாது. பழைய பிரைமர் விழும் குழாய் தொங்க வழி வேண்டும். அடியில் டிராயர் இருந்தால் திறக்க வேண்டும். கைப்பிடி கீழே வரும்போது உங்கள் முட்டியிலோ, உட்கார்ந்து வேலை செய்பவரானால் தொடையிலோ படக் கூடாது. சுவரில் மோதினால் விரல் முட்டி பெயரும். இதையெல்லாம் துளை போட்ட பிறகு கண்டுபிடிப்பவர்கள்தான் அதிகம். என் முதல் மேசையில் எட்டு ஓட்டை இருந்தது, மூன்றுதான் தேவை.

இடக்கைக்காரர்கள் கைப்பிடியை மறுபக்கம் மாற்ற முடிகிற பிரஸ்ஸா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு உயரம்?

நின்று வேலை செய்பவருக்கு மேசை 900 மில்லிமீட்டர் அளவில், உட்கார்ந்து செய்பவருக்கு 700 முதல் 750 வரை. கூடு வைக்கும் இடம் உங்கள் முழங்கை மட்டத்துக்கு அருகில் வந்தால் தோள் வலிக்காது. மருந்து ஊற்றிய கூட்டின் வாயைக் குனியாமல் உள்ளே பார்க்க முடிய வேண்டும் என்பது முக்கியம். மேசை தாழ்வாக இருந்தால் பிரஸ்ஸுக்கு அடியில் இரும்புத் தாங்கி வைத்து உயர்த்தலாம். உயர்த்த உயர்த்த நெம்பும் விசையும் கூடும், அப்புறம் மேசை இன்னும் உறுதியாக வேண்டும்.

போல்ட் எந்த அளவு? அமெரிக்க பிரஸ் அங்குலத்தில் வருகிறது, இங்கே கடையில் மில்லிமீட்டர்தான் இருக்கிறது.

ஆர்சிபிஎஸ், லீ, ஹார்னடி, டில்லன் எல்லாமே அமெரிக்கச் சரக்கு, அதனால் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், அதற்கு எம் 6. 5/16 என்பது அங்குலத்தில் பதினாறில் ஐந்து பாகம், 7.94 மில்லிமீட்டர். எம் 8 அதில் போகலாம், போகாமல் உரசலாம்; வார்ப்பு ஓட்டைகள் பெரும்பாலும் ஒரு மயிரிழை பெரிதாகவே இருக்கும். எட்டில் மூன்று பாகம் 9.53, அதில் எம் 10 போகாது. எம் 8 போட்டுப் பெரிய வாஷர் கொடுங்கள், போதும். பிரஸ்ஸின் ஓட்டையை டிரில் போட்டுப் பெரிதாக்க வேண்டாம்.

மர ஸ்க்ரூ கூடாது. பெரிய கோச் ஸ்க்ரூவும் கூடாது. மேலிருந்து கீழே ஊடுருவிப் போய், அடியில் நட்டு போடுகிற போல்ட் மட்டும். ஸ்க்ரூ மரத்தைப் புரியால் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஆட்ட ஆட்ட அந்தப் புரி மரத்தைத் தின்றுவிடும். போல்ட் மரத்தை இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்கிறது.

அடியில் வெறும் வாஷர் போதுமா?

சாதாரண எம் 8 வாஷரின் வெளி விட்டம் 16 மில்லிமீட்டர். 9 மில்லிமீட்டர் துளையைக் கழித்தால் மரத்தைத் தொடும் பரப்பு 137 சதுர மில்லிமீட்டர். அதே போல்ட்டுக்கு பென்னி வாஷர் என்கிற 30 மில்லிமீட்டர் அகல வாஷர் போட்டால் 640-க்கு மேல், நாலரை மடங்குக்கும் அதிகம். பைன் மென்மையான மரம்; சின்ன வாஷர் அதில் அப்பளத்தில் விரல் வைத்தது போல இறங்கும்.

அதைவிட நல்லது, 50-க்கு 6 மில்லிமீட்டர் இரும்புப் பட்டை. பிரஸ்ஸின் அடிப்பாகத்தைவிட இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளமாக வெட்டி, மேசைக்கு அடியில் குறுக்காக வைத்து, எல்லா போல்ட்டும் அதன் வழியே வரும்படி துளை போடுங்கள். இழுவிசை பலகையில் விரிந்து போகும். எந்த வெல்டிங் கடையிலும் துண்டுப் பட்டை சும்மா கொடுப்பார்கள், தேநீர் வாங்கிக் கொடுத்தால் துளையும் போட்டுத் தருவார்கள். இந்த ஒன்றைச் செய்து போல்ட்டையும் எளிதில் தளராத நைலாக் நட்டில் முடித்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

துளை எப்படிப் போடுவது?

கிளாம்ப் போட்ட நிலையிலேயே ஓட்டை வழியாக ஆணி முனையால் குறி வையுங்கள். பிரஸ்ஸை எடுத்துவிட்டு முதலில் 4 மில்லிமீட்டர், அப்புறம் 8.5 அல்லது 9. மூலைமட்டத்தைப் பக்கத்தில் நிறுத்தி டிரில் நேராக நிற்கிறதா என்று பாருங்கள், 50 மில்லிமீட்டர் மரத்தில் சாய்ந்து போனால் அடியில் பட்டையின் ஓட்டைக்கு வராது. அடியில் ஒரு கழிவுப் பலகையைச் சேர்த்துப் பிடித்தால் மரம் பிய்ந்து வராது.

எவ்வளவு இறுக்குவது?

பென்னி வாஷர் மரத்தில் லேசாகப் பதியத் தொடங்கும் வரை. அதற்கு மேல் ஸ்பேனரில் குழாய் மாட்டி இழுத்தால் மரம் நசுங்கும். அலுமினிய வார்ப்பு பிரஸ்ஸில் அடிப்பாகமே விரிந்துவிடும்.

பிரஸ்ஸை அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டும். மேசையை மற்ற வேலைக்கும் பயன்படுத்துகிறேன். வழி இருக்கிறதா?

இரண்டு வழி. ஒன்று, மரத்தில் பல் பதியும் டி நட்டை மேசைக்கு அடியிலிருந்து அடித்துவிட்டு, மேலிருந்து போல்ட்டை முடுக்குவது. டி நட்டை அடியில்தான் அடிக்க வேண்டும். இழுவிசை அதை மரத்துக்குள் இன்னும் ஏற்றும். மேலே அடித்தால் முதல் நாளே பிடுங்கிக்கொண்டு வரும். மேலிருந்து முடுக்கும் பித்தளைப் புரிச் செருகியும் அதே காரணத்தால் எனக்குப் பிடிக்காது.

இரண்டாவது, பிரஸ்ஸை 18 மில்லிமீட்டர் பிளைவுட் அட்டையில் நிரந்தரமாகப் பொருத்தி, அந்த அட்டையை மேசையில் வெட்டிய பள்ளத்தில் செருகி நாலு போல்ட் போடுவது. வைஸ், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரே அளவு அட்டை செய்துகொண்டால் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி மாட்டலாம். அழகான ஏற்பாடு. ஆனால் கிரைண்டர் பொறி தெறிக்கும் இடத்தில் மருந்து டப்பா கூடவே கூடாது. ஒரு வேலை முடிந்து, கூட்டிப் பெருக்கி, அப்புறம்தான் அடுத்தது.

சுவரில் மேசையைப் பிணைக்க வேண்டுமா?

முடிந்தால் கட்டாயம். மேசை ஆடுவது பெரும்பாலும் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும்தான். பின்பக்கச் சட்டத்தை செங்கல் சுவரில் எம் 8 விரியும் ஆங்கர் மூன்று போட்டுப் பிணைத்துவிட்டால் அந்த ஆட்டம் நின்றுவிடும். செங்கலின் நடுவில் துளை போடுங்கள், சாந்து இடுக்கில் போடாதீர்கள். துப்பாக்கிப் பெட்டகத்தைச் சுவரில் பதித்திருப்பீர்கள் அல்லவா, இந்த நாட்டின் தர நிறுவனத்தின் எஸ்ஏபிஎஸ் 953 முத்திரை உள்ள அந்தப் பெட்டியை? அதே ஆங்கர், அதே முறை. பெட்டகம் வைக்க வந்தவரையே கூப்பிட்டால் அரை மணி நேர வேலை.

சுவர் கிடைக்காவிட்டால் பின்பக்கக் கால்களுக்கு இடையே 12 மில்லிமீட்டர் பிளைவுட் முழுப் பலகையாக அடியுங்கள், அல்லது குறுக்குச் சட்டம் கொடுங்கள். அப்புறம் கீழ்த் தட்டில் கனம் ஏற்றுங்கள்: மணல் மூட்டை, பழைய இரும்பு, எது வேண்டுமானாலும்.

வாடகை வீடு. சுவரில் துளை போட்டால் வீட்டுக்காரர் விட மாட்டார்.

பழைய கார் ரிம் ஒன்றை எடுத்து, நடுவில் 76 மில்லிமீட்டர் இரும்புக் குழாய் நிறுத்தி, கான்கிரீட் ஊற்றுங்கள். குழாய் தலையில் 10 மில்லிமீட்டர் தகடு வெல்டிங் செய்து அதில் பிரஸ். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ரிம்மில் கால் வைத்துக்கொண்டால் உங்கள் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். வீடு மாறும்போது உருட்டிக்கொண்டு போகலாம். வெல்டிங் முழுவதும் வெளியில், மருந்தும் பிரைமரும் வீட்டில் நுழையும் முன்பே.

சமையலறை மேசையில் ஜி கிளாம்ப் போட்டு வேலை செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். சின்னக் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு ஒரு மாதிரி ஓட்டலாம். ஆனால் ஈயத் தூசும் பிரைமர் கரியும் படிந்த கையோடு சோறு பிசையும் இடம் அது. வேண்டாம்.

வெண்டி ஹவுஸ் என்கிற மரக்கூடாரத்தில் மேசை போட்டேன். மேசை அசையவில்லை, தரையே அசைகிறது!

அந்தத் தரைப் பலகைகளுக்கு அடியில் சட்டங்கள் ஓடும். ஆணி வரிசையைப் பார்த்தால் சட்டம் எங்கே என்று தெரியும். மேசையின் முன் கால்கள் சட்டத்தின் மேல் நிற்க வேண்டும். இன்னும் சரியாகச் செய்ய வேண்டுமானால், கால் வரும் இடத்தில் தரைப் பலகையை வெட்டி எடுத்து, கீழே மண்ணைக் கெட்டித்து, ஒரு நடைபாதைக் கல் வைத்து, காலை நேரே கல்லில் நிறுத்துங்கள். தரை ஆடினாலும் மேசைக்குத் தெரியாது.

கூடாரத்துக்குள் கோடையில் அடுப்பு மாதிரி சூடு ஏறும். பிரஸ் தாங்கும், மருந்தும் பிரைமரும் அங்கே தங்கக் கூடாது. வேலைக்கு எடுத்துக்கொண்டு போய், வேலை முடிந்ததும் திரும்ப எடுத்துவந்து பூட்டுங்கள்.

தராசை அதே மேசையில் வைக்கலாமா?

வைக்காதீர்கள். பிரஸ் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கைப்பிடி இழுக்கும்போது பலகை அதிரும். மின்னணுத் தராசு தடுமாறும், கோல் தராசு ஆடி நிற்க நேரமாகும். பக்கத்துச் சுவரில் ஒரு சின்னத் தட்டு அடித்து அதில் தராசை வையுங்கள். ரசமட்டம் பார்த்து அடியுங்கள். ஜன்னல் காற்றும் மின்விசிறிக் காற்றும் படாத பக்கமாக.

மேசை உறுதியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். மேசையில் மருந்து, பிரைமர் எதுவும் இருக்கக் கூடாது. எண்ணெய் தடவிய ஒரு காலிக் கூட்டை டைக்குள் ஏற்றி இறக்குங்கள். தண்ணீரில் அலை வந்தால் பரவாயில்லை, அது அதிர்வு. தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வழிந்தால் பலகை வளைகிறது. அப்போது அடியில் சட்டம் சேர்க்க வேண்டும். டம்ளரே நகர்ந்தால் மேசையைச் சுவரில் பிணைக்காமல் பிரஸ்ஸைத் தொடாதீர்கள்.

மின்வெட்டு நேரத்தில் வேலை செய்யலாமா?

பாதி வேலையில் மின்சாரம் போனால் அப்படியே நிறுத்துங்கள். மெழுகுவர்த்தியோ மண்ணெண்ணெய் விளக்கோ அந்த அறைக்குள் வரக் கூடாது. பேட்டரி எல்இடி விளக்கு ஒன்றை மேசைக்கு மேலேயே திருகி வைத்திருக்கிறேன், மருந்து டப்பாவை மூடி எழுந்துவர அது போதும். வெளிச்சம் வந்த பிறகு, பாதியில் நின்ற கூடுகளில் எதில் மருந்து போட்டோம் என்று யூகிக்காதீர்கள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து.

மேசை வேலையை எப்போது வைத்துக்கொள்வது?

சிரிப்பாக இருக்கும், ஆனால் எனக்குப் புரட்டாசிதான். இங்கே வேட்டை பெரும்பாலும் குளிர்காலத்தில், மே முதல் ஆகஸ்ட் வரை. அது முடிந்து கொஞ்ச நாளில் புரட்டாசி வருகிறது. இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள், 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள், தமிழ் பேச மறந்தாலும் புரட்டாசி விரதத்தை விட்டதில்லை. இறைச்சி கிடையாது, துப்பாக்கி பெட்டகத்தில் தூங்கும், கைக்கு வேலை வேண்டும். மரமும் அப்போது நன்றாகக் காய்ந்திருக்கும்.

அதே மாதத்தில்தான் பெரும்பாலும் ஆயுத பூஜையும் வரும். பட்டறையில் பழகியவன் நான், வைஸுக்கும் பிரஸ்ஸுக்கும் பொட்டு வைக்காமல் இருக்க மாட்டேன். சந்தனம், குங்குமம், பூ எல்லாம் சரி. கற்பூரம் மட்டும் வெளியில், முற்றத்தில். மருந்தும் பிரைமரும் அதற்கு முன்பே வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும், மேசையைத் துடைத்திருக்க வேண்டும். சிந்திய மருந்து பலகை இடுக்கில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் அம்மா, மாமியார் யாராவது தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கரேஜுக்குள் வந்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

போல்ட்டை மறுபடி எப்போது இறுக்குவது?

முதல் நூறு கூடு முடிந்ததும் ஒரு தடவை, புது மரத்தில் வாஷர் கொஞ்சம் பதிந்திருக்கும். அப்புறம் நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்தது. டர்பன், ஸ்டாங்கர், போர்ட் ஷெப்ஸ்டோன் மாதிரி கடலோரத்தில் கோடையில் ஈரக் காற்றில் மரம் ஊதி போல்ட் தானாகவே இறுகும். அங்கே பிரச்சினை துரு. வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி கிரீஸ் தடவி மாட்டுங்கள், துத்தநாகம் பூசிய போல்ட்டாக வாங்குங்கள். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா மேட்டு நிலத்தில் குளிர்காலக் காற்று எலும்பைக்கூட உலர்த்தும். மரம் சுருங்கும், நட்டு நகராமலே பிடி தளரும். அங்கே இருப்பவர்கள் ஜூன் மாதம் ஒரு தடவை, ஆகஸ்ட் முடிவில் ஒரு தடவை அடியில் கை விட்டுப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் என் நண்பர் ஒருவர் டர்பனில் செய்த மேசையை அங்கே கொண்டுபோனார். முதல் ஜூலையில் எல்லா நட்டும் விரலால் சுழன்றன.